வண்டியை எண்ணுறோம்... மந்துல கேட்டோமா?



கோடை வந்தா ஊட்டி திணறும். அதனாலதான் 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பும் வைத்தது. தேவையான நடவடிக்கை. ஆனால் வண்டியை எண்ணும் இந்தக் கணக்கில் அந்த மலையின் பூர்வகுடிகள் எங்கே?

தொதவர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு பட்டியலிட்ட இந்த ஆறு இன மக்களும் நீலகிரியில் வாழ்கிறார்கள். தெப்பக்காடு யானை முகாமின் காட்டுநாயக்கர் தம்பதி பற்றிய ஆவணப்படம் 2023-ல் ஆஸ்கர் வாங்கியபோது எல்லாரும் கைதட்டினோம். அதே மக்களின் வீட்டு வாசலில் கேட்காம செல்போனை நீட்டுறது என்ன நியாயம்? தொதவர் மந்து ஒன்றும் செல்ஃபி பாயின்ட் இல்லை. அது குடியிருப்பு, அங்கே கோயிலும் இருக்கு.

சுற்றுலாவே வேண்டாம்னு சொல்லல. பக்கத்துல தேக்கடியைப் பாருங்க. மன்னான், பளியர் மக்கள் அங்கே காட்டு வழிகாட்டிகள், மூங்கில் தெப்பம் ஓட்டுபவர்கள். ஒருகாலத்தில் காட்டில் திருட்டுத்தனமா பட்டை உரித்தவர்களே இன்று அதே காட்டுக்குக் காவல். வருமானம் உள்ளூரில் தங்கினால் காடும் தங்கும்.

இங்கே என்ன தடை? தமிழ்நாட்டில் ஐந்தாவது அட்டவணைப் பகுதி எதுவும் இல்லை. அதனால் பெசா சட்டம் இங்கே செல்லாது. பழங்குடிகளின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம் 2006 வன உரிமைச் சட்டம்தான். தங்கள் காட்டைப் பாதுகாக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அது அதிகாரம் தருது. ஊராட்சிக்கு ஒண்ணுன்னு கூட்டம் போட்டா பத்து வீட்டுப் பாடியின் குரல் அதில் கேட்காது.

நாம் கேட்பது மூன்றே:

✅ ஒவ்வொரு பழங்குடிக் குடியிருப்பிலும் வன உரிமை கிராம சபை.
✅ அந்தச் சபை சம்மதிக்காமல் புதிய சுற்றுலாத் திட்டம் கூடாது.
✅ நுழைவுக் கட்டணத்தில் அந்த ஊருக்கு நேரடிப் பங்கு.

நாமளும் மாறணும். அனுமதி கேட்டுப் படம் எடுங்க. உள்ளூர் வழிகாட்டியை வையுங்க. தொதவர் எம்பிராய்டரிக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைச்சாச்சு. நூலை எண்ணி எண்ணிக் கையால் போடும் தையல் அது. பேரம் பேசாம வாங்குங்க. நீங்க கொடுப்பது தானம் இல்லை, அவங்க உழைப்புக்கான கூலி.

ஊட்டி போகும் நண்பருக்கு இதைப் பகிருங்கள்.

#மலையும்_மக்களும்