கூலிக்குச் செத்தவருக்கு ஒரு கல்

சென்னை நண்பர் ஒருத்தர் கேட்டார்: "வெள்ளைக்காரன் பட்டாளத்துல கூலிக்குச் செத்தவர்தானே, அவரைத் தேடி என்ன ஆகப்போவுது?" கடலைக்கு மண் அணைச்சுக்கிட்டு இருந்தேன். வந்த கோபத்துல மம்பட்டியைக் கீழே போட்டுட்டேன்.

அவர் எங்க அப்பத்தாவோட அண்ணன். இரண்டாம் உலகப்போரில் பர்மாவுக்குப் போனவர். "காணாமப் போயிட்டான்" என்பதோடு வீட்டில் கதை முடிஞ்சுபோச்சு. அப்பத்தா சாகும்வரை அவருக்குத் திவசம் கொடுக்க விடலை.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆனா நம்ம பேரை வெள்ளைக்காரன் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பான். நாலைந்து விதமா மாத்திப் போட்டுத் தேடணும். அவர் அம்மாவுக்கு வந்த பென்சன் காகிதத்தில் இருந்த படை எண்தான் எனக்குக் கைகொடுத்தது. ரங்கூன் பக்கம் தௌக்யானில் இருக்கும் நினைவுச்சின்னத்தில், கல்லறை தெரியாத சுமார் 27,000 பேரோடு அவர் பேரும் இருக்கு. எப்படிச் செத்தார்னு அந்தப் பட்டியலில் இல்லை. அதுக்கு அவர் படைப்பிரிவின் போர் நாட்குறிப்பைப் படிக்கணும். அது லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் கிடக்கு.

கூலிதான், இல்லைங்கல. போருக்குப் போன 25 லட்சம் இந்தியரில் யாரையும் சட்டம் போட்டு இழுக்கலை. எங்க வானம் பார்த்த பூமியில வயிறு இழுத்துச்சு. இதே ஜில்லாவில், பொற்பனைக்கோட்டையில், மாட்டுச் சண்டையில் செத்தவனுக்கு நட்ட கல்லைக் காட்டித் தமிழன் வீரம்னு பேசுறீங்களே, அவனும் ஒரு தலைவன் ஏவித்தானே போனான்?

வர்ற ஆடியில எங்க கொல்லையில ஒரு கல் நடப்போறேன். பேரு, படை எண், செத்த தேதி. எல்லாம் தமிழில்.