சிரிக்காத குழந்தைகள்

பழைய போட்டோக்களில் குழந்தைகள் ஏன் சிரிப்பதில்லை என்று கேட்பது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. கேட்பதோடு நின்றாலும் பரவாயில்லை. பதிலையும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். அந்தக் காலத்துப் பெற்றோர் கடுமையானவர்களாம், பிள்ளைகளுக்குக் குதூகலம் என்பதே தெரியாதாம். இப்படி இரக்கப்பட்டுவிட்டு, அடுத்த காரியமாகப் படத்தைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து, நூறு வருஷத்துக்கு முந்திய குழந்தையைப் பல்லைக் காட்ட வைக்கிறார்கள். இந்த இரக்கம் எனக்குச் சகிக்கவில்லை.

1910-ஐ ஒட்டிய காலத்தில் நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று போட்டோ எடுத்துக்கொள்வது என்றால் லேசான காரியமா? போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று பாட்டி ஒரு பக்கம் முணுமுணுப்பாள். அதையும் மீறி டவுனுக்குப் போக வேண்டும். ஸ்டூடியோவில் கண்ணாடிக் கூரை. வெளிச்சத்துக்குச் சூரியனையே நம்பியிருந்த நாட்கள். பின்னால் படுதா, அதில் சீமைத் தோட்டமும் மாடிப்படியும். எதிரே மூன்று கால் ஸ்டாண்டின்மேல் ஒரு பெட்டி. கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்ட ஒரு மனிதர். கண்ணாடிப் பிளேட்டில் உருவம் பதிய ஓரிரு விநாடியாவது ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை அங்கே எப்படி விழிக்குமோ அப்படித்தான் விழித்தது. அதைத் துக்கம் என்று படிப்பவர்கள் குழந்தையை உற்றுப் பார்த்ததே இல்லை. புதிதாக ஒன்றைக் காணும் குழந்தை சிரிப்பதில்லை ஐயா. வாயை மூடிக்கொண்டு பார்க்கிறது.

சிரிப்பு பின்னால் வந்தது. 1900-ல் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி ஒரு டாலர் விலையில் பிரவுனி காமிராவை விற்க ஆரம்பித்தது. படம் பிடிக்கிறவர் அப்பாவோ மாமாவோ என்றானதும் குழந்தை சிரித்தது. அந்தச் சௌகரியம் நம் வீடுகளுக்கு வந்து சேர வெகு காலம் ஆயிற்று.

சிரிக்காத முகங்களெல்லாம் ஒரே ஜாதியும் அல்ல. 1908 முதல் லூயிஸ் ஹைன் என்பவர், அமெரிக்காவில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதை எதிர்த்துப் போராடிய ஒரு கமிட்டிக்காகப் பருத்தி ஆலைகளில் புகுந்து படம் எடுத்தார். நூற்பு யந்திரத்தின் அருகே நிற்கும் சிறுமிகளின் உயரத்தைத் தம் சட்டைப் பொத்தான்களை அடையாளமாக வைத்து அளந்துகொள்வாராம். அவர்களும் சிரிக்கவில்லை. அந்தப் படத்தைக் கொடுத்தாலும் இன்றைய கம்ப்யூட்டர் சிரிக்க வைத்துத்தான் திருப்பித் தரும். அதற்கு ஸ்டூடியோவும் ஆலையும் ஒன்று!

வர்ணம் பூசுகிறார்களே, அது இன்னும் மோசம். அக்காலத்துச் சாதாரணப் பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது. சிவப்பையும் அறியும் பிளேட் இங்கிலாந்தில் 1906-லேயே விற்பனைக்கு வந்தும், பழையதைச் சிவப்பு விளக்கு வெளிச்சத்திலேயே கழுவலாம் என்ற சௌகரியத்தை எளிதில் யாரும் விட்டுவிடவில்லை. ஆகவே அரக்குப் பட்டுப் பாவாடை ஏறக்குறையக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துவிடும். மாநிற முகமும் உள்ளதைவிடக் கறுக்கும். அதற்காக நெகடிவில் பென்சிலால் தீற்றி முகத்தை வெளுப்பாக்கினார்கள். அப்போதும் பொய்தானே என்று கேட்பீர்கள். பொய்தான். ஆனால் பென்சில்காரர் பல் வரையவில்லை. இன்றைய கம்ப்யூட்டரோ கறுப்பைக் கண்டு பழுப்போ கருநீலமோ பூசுகிறது. பாட்டியின் அரக்குப் பாவாடை போயிற்று.

சென்ற வருஷம் நண்பர் ஒருவர் தம் குடும்பப் படத்தை இப்படிப் புதுப்பித்து எனக்கு அனுப்பினார். பூச்சடை, பாவாடை, சிவந்த உதடு, வாய் நிறையச் சிரிப்பு. "எங்கள் அத்தைப் பாட்டி" என்று குறிப்பு வேறு. உண்மையில் அது அவருடைய தாத்தா! முடியிறக்குவதற்கு முன் ஆண் பிள்ளைக்குச் சடை பின்னி, பெண் வேஷம் போட்டுப் படம் எடுத்துக்கொள்வது நம் வீடுகளில் சகஜம். தாத்தாவுக்கு உதட்டுச் சாயம் பூசிய பெருமை இந்தத் தலைமுறையைச் சேரும்.

படம் மங்கியிருந்தால் மங்கியபடியே ஒரு நகல் எடுக்கட்டும். பின்புறம் பெயர், ஊர், பாவாடையின் நிறம் எல்லாவற்றையும் எழுதிவைக்கட்டும், கேட்டால் சொல்லக்கூடிய கிழவிகள் இருக்கும்போதே.