தொலைக்காட்சியை அணைத்த பிறகு



நம்முடைய ஆண்டவர் பிள்ளைகளின் விளையாட்டைக் கவனித்துப் பார்த்தவர் என்பதை நாம் அதிகமாய் நினைப்பதில்லை. மத்தேயு 11-ஆம் அதிகாரம் 16, 17 வசனங்களைத் திறந்து பாருங்கள். சந்தைவெளியில் சிறுபிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் கலியாண விளையாட்டு: சிலர் குழல் ஊதுகிறார்கள், தோழர்கள் ஆட வரவில்லை. அடுத்தது சாவு வீட்டு விளையாட்டு: ஒப்பாரி வைக்கிறார்கள், அதற்கும் ஒருவரும் சேரவில்லை. தம் காலத்துச் சந்ததியாரின் இருதயக் கடினத்தைக் காட்ட இயேசு இந்தக் காட்சியைத்தான் எடுத்துக்கொண்டார். பெரியவர்களின் உலகத்தைச் சந்தையின் ஓரத்தில் நடித்துப் பார்க்கும் பிள்ளைகளை அவர் எங்கோ நின்று பார்த்திருக்க வேண்டும். அங்கே அவர் குறையாகச் சொன்னது விளையாட்டை அல்ல. அழைத்தும் வராமல் நின்றவர்களையே.

அந்த விளையாட்டு இன்று நம் வீடுகளில் குறைந்துவருகிறதென்றும், தொலைக்காட்சியே அதற்குக் காரணம் என்றும் பலர் சொல்லுகிறார்கள். ஒரு காலத்தில் அதைச் சாத்தானின் பெட்டி என்று சொல்லி வீட்டுக்குள் சேர்க்காத விசுவாசக் குடும்பங்கள் இருந்தன. அப்படிப்பட்ட குடும்பங்களிலும் இன்று கைப்பேசியைக் காட்டாமல் குழந்தைக்கு ஒரு வாய் சோறு இறங்குவதில்லை! பெட்டியைக் கடிந்துகொள்வதாலும் பயனில்லை, பிள்ளையை அதனிடம் ஒப்படைத்துவிடுவதாலும் பயனில்லை என்பதே என் கருத்து. பார்த்து முடித்தபின் பிள்ளை என்ன செய்கிறது என்பதைக் கொண்டே நாம் அதை நிதானிக்க வேண்டும்.

இதை நன்றாய் அறிந்திருந்த ஒரு போதகர் அமெரிக்காவில் இருந்தார். அவர் பெயர் ஃபிரெட் ராஜர்ஸ். பிட்ஸ்பர்க் நகரத்துப் பிரஸ்பிட்டேரியன் சபையார் 1963-இல் அவரைப் போதகராக அபிஷேகம் பண்ணினபோது, ஒரு சபையைப் பொறுப்பாகக் கொடுக்கவில்லை. தொலைக்காட்சி வழியாகப் பிள்ளைகளுக்கு ஊழியம் செய்யும்படி நியமித்தார்கள். 1968 முதல் 2001 வரை ஒளிபரப்பான 'மிஸ்டர் ராஜர்ஸ் நெய்பர்ஹுட்' என்னும் நிகழ்ச்சி அவருடையது. அதில் அவர் பிரசங்கம் பண்ணவில்லை. வீட்டுக்குள் வருவார், கோட்டைக் கழற்றி ஸ்வெட்டர் அணிவார், காலணியை மாற்றுவார், தொட்டியிலுள்ள மீன்களுக்கு இரை போடுவார். அவசரமே இராது.

பிறகு ஒரு சிறிய டிராம் வண்டி சுவரிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து கற்பனை ஊருக்குப் போகும். அங்கே ஒரு ராஜா, ஓர் ஆந்தை, கடிகாரத்துக்குள் குடியிருக்கும் கூச்சமுள்ள ஒரு புலி. எல்லாம் கையில் மாட்டிக்கொள்ளும் சாதாரணத் துணிப்பொம்மைகள். அவற்றில் பலவற்றுக்குக் குரல் கொடுத்தவர் ராஜர்ஸ்தான். கதை முடிந்ததும் வண்டி திரும்பி வரும். அங்கே நடந்ததைப் பற்றி அவர் பிள்ளைகளோடு நிதானமாகப் பேசுவார். மெய் எது, பாவனை எது என்பதில் குழப்பமே இல்லை. இரண்டுக்கும் நடுவே போய்வர ஒரு வழி மாத்திரம் இருந்தது. பழைய காலுறை ஒன்று கிடைத்தால், பார்க்கிற பிள்ளையும் அதே விளையாட்டைத் தன் வீட்டில் தொடங்கிவிடலாம்.

யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரோம் சிங்கர், டோரதி சிங்கர் என்னும் உளவியல் அறிஞர்களாகிய தம்பதியர் 1970-களில் இந்த நிகழ்ச்சியை வைத்தே ஓர் ஆய்வு செய்தார்கள். மழலையர் பள்ளிப் பிள்ளைகளில் அதைத் தாங்களாகவே பார்த்தவர்களைவிட, ஒரு பெரியவர் பக்கத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருக்கப் பார்த்தவர்கள் கற்பனை விளையாட்டில் அதிகம் வளர்ந்தார்கள். எல்லாரையும்விட வளர்ந்தவர்கள் யார் தெரியுமா? தொலைக்காட்சியே இல்லாமல், ஒரு பெரியவரோடு நேரில் பாவனை விளையாட்டு விளையாடிய பிள்ளைகள். வேகமான காட்சிகளைப் பற்றியும் ஒரு சோதனை உண்டு. 2011-இல் வெளியான அந்த ஆய்வில், அதிவேகக் கார்ட்டூனை 9 நிமிடம் பார்த்த 4 வயதுப் பிள்ளைகள், பார்த்தவுடனே பொறுமையும் கவனமும் வேண்டிய காரியங்களில் பின்தங்கினார்கள். 2 முதல் 4 வயதுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் 2019-இல் அறிவுறுத்தியிருக்கிறது.

வேதாகமக் கதையைக் கார்ட்டூனாகப் போட்டுவிட்டால் போதும் என்று எண்ணுகிற பெற்றோருக்கும் இது பொருந்தும். தாவீது, யோனா, தானியேல் என்று மூன்று கதைகள் மூச்சுவிடாமல் அடுத்தடுத்து ஓடினால், கல்லெறிந்தவன் யார், மீன் வயிற்றில் இருந்தவன் யார் என்பதே பிள்ளைக்குக் குழம்பிப்போகும். ஒரு கதை போதும். அடுத்தது தானாகத் தொடங்காதபடி நிறுத்திவையுங்கள்.

போதகர் ஏன் விளையாட்டைப் பற்றி இவ்வளவு பேசுகிறார் என்று கேட்பீர்கள். 2 சாமுவேல் 12-ஆம் அதிகாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பத்சேபாளின் காரியத்தில் பாவஞ்செய்த தாவீதிடம் நாத்தான் நேரடியாகக் குற்றஞ்சாட்டவில்லை. ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னான். அப்படியோர் ஆட்டுக்குட்டி எங்கும் இல்லை. ஆனாலும் தாவீது அதைக் கண்டான், அந்த ஏழைக்காகக் கோபத்தால் மூண்டான். நீயே அந்த மனிதன் என்ற வார்த்தை அதற்குப் பிறகே வந்தது. இல்லாத ஆட்டுக்குட்டிக்காக இரங்கத் தெரியாதவனாயிருந்தால் அன்று அந்த ராஜாவை எது உணர்த்தியிருக்கும்? தலையணையை ஆட்டுக்குட்டியாக்கி மடியில் வைத்துத் தட்டிக்கொடுக்கிற பிள்ளை, பிறருடைய இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கப் பழகுகிறது. ஆண்டவரின் உவமைகளைக் கேட்கும் காதும் அங்கேதான் உண்டாகிறது என்று நான் நம்புகிறேன்.

ஆகையால் பிள்ளைகள் "சபை" விளையாட்டு விளையாடும்போது அதட்டாதிருங்கள். ஒருவன் துண்டைத் தோளில் போட்டுப் பிரசங்கம் பண்ணுவான், ஒருத்தி தட்டை ஏந்திக் காணிக்கை எடுப்பாள், கடைசியில் உட்கார்ந்திருப்பவன் தூங்குவதுபோல நடிப்பான். (அவன் அதை எங்கே பார்த்துக் கற்றுக்கொண்டான் என்பதை நாம் விசாரிக்க வேண்டாம்.) தேவகாரியத்தில் விளையாடக் கூடாது என்று கடிந்துகொள்ளும் பாட்டிமாரின் பயபக்தியை மதிக்கிறேன். ஆயினும் அது பரியாசம் அல்ல.

மாலையில் சமையலறையில் தனியாய்ப் போராடும் தாய்மாரைக் குற்றப்படுத்த எனக்கு மனமில்லை. அரைமணி நேரம் பிள்ளை திரையின்முன் அமர்ந்திருப்பது அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வாக இருக்கலாம். என் வேண்டுகோள் தகப்பன்மாருக்கும் தாத்தாமாருக்கும். பிள்ளை பார்க்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். முடிந்ததும் அணைத்துவிட்டு, "அந்தப் புலி நம் வீட்டுக்கு வந்தால் எங்கே படுக்கும்?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பாயும் போர்வையும் கலையட்டும். நீங்கள் புலியாக வேண்டும் என்று பிள்ளை சொன்னால், தயவாய்ப் புலியாகுங்கள்.

வருகிற ஞாயிறு பள்ளியில் நோவாவின் பேழையைப் பிள்ளைகளே கட்டப்போகிறார்கள். உங்கள் வீட்டில் பெரிய அட்டைப்பெட்டிகளும் பழைய சேலைகளும் இருந்தால், ஆராதனைக்கு வரும்போது எடுத்து வாருங்கள். மிருகங்களாக நடிக்கப் பெரியவர்களும் சிலர் தேவைப்படுகிறார்கள்.