முற்றத்தை மூடுவதற்கு முன்...



காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பழைய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். வீதியிலிருந்து நேரே அறைக்குள் நுழைந்துவிட முடியாது. திண்ணை, நடை, தாழ்வாரம், முற்றம் என ஒவ்வொன்றாய்க் கடந்தே செல்லவேண்டும். வெயிலில் வந்தவரின் உடல் அந்தச் சில அடிகளிலேயே படிப்படியாகத் தணிந்துவிடும். கோஷா பேணிய பெண்களுக்கு, அயலார் பார்வை படாமல் வானத்தையும் காற்றையும் அளித்ததும் அந்த முற்றம்தான்.

இன்றோ, வளைகுடாப் பணம் வந்ததும் முதல் வேலையாக முற்றத்திற்குத் தளம் போட்டுவிடுகிறோம். அடுத்து, அறைக்கு ஏ.சி. அறைக்குள் 22 டிகிரி. கதவைத் திறந்தால் நடையில் 36. இவ்விரண்டுக்குமிடையே நாள் முழுதும் நடப்பவர் யார்? இல்லத்தரசிதான். (ஆண்கள் வந்தால் மட்டுமே ஏ.சி. இயங்கும் வீடுகளும் உண்டு, அது தனிக்கதை.)

சூடான காற்று இலேசானது, மேலெழும். முற்றம் திறந்திருந்தால் அது வெளியேற, திண்ணைப் பக்கமிருந்து புதுக்காற்று உள்ளே வரும். இரவில் முற்றத்துத் தரை தன் வெப்பத்தை வானத்தை நோக்கி விட்டுக் குளிரும். மூடியபின் இரண்டும் நின்றுபோகும். பகலில் தளம் குடித்த வெப்பம் இஷாவுக்குப் பின்னரும் கீழே இறங்கிக்கொண்டே இருக்கும்.

மழையும் திருடர் பயமும் உண்மையே, மறுக்கவில்லை. திருடருக்கு இரும்புக் கம்பி போதும். மழைக்குக் கூரை வேண்டுமெனில், மொட்டைமாடியிலிருந்து இரண்டடி உயர்த்தி, நாற்புறமும் சிமெண்ட் ஜாலி வையுங்கள்; காற்றும் போகும், மறைவும் கிட்டும். ஒளி ஊடுருவும் தகடு மட்டும் வேண்டாம். அது வெயிலை உள்ளே விட்டு, வெப்பத்தைச் சிறைபிடிக்கும்.

தாழ்வாரத்தில் ஒரு மின்விசிறி சுழன்றாலே இரண்டு, மூன்று டிகிரி குறைந்ததுபோல் உடல் உணரும். வெட்டிவேர்த் தட்டி வறண்ட ஊர்களுக்கு நன்று; காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்த நம் கடற்கரை ஊர்களில் அதன் பயன் குறைவே. ஏ.சி.யை 26இல் வைத்தால் நடைக்கும் அறைக்குமுள்ள இடைவெளியும் சுருங்கும், மின்கட்டணமும் சுருங்கும். நட்சத்திரக் குறியுள்ள ஏ.சி.கள் 2020 ஜனவரி முதல் தொடக்கநிலையே 24 என அமைத்து விற்கப்படுவதும் மின்சிக்கனம் கருதித்தான்.

வயது முதிர்ந்த உம்மாவின் கட்டில் பெரும்பாலும் தாழ்வாரத்தில்தான் கிடக்கிறது. கொத்தனாரை அழைக்குமுன் ஒருநாள் லுஹருக்குப் பின் அதில் அரைமணி நேரம் அமர்ந்து, காற்று எப்பக்கமிருந்து வருகிறதெனக் கவனியுங்கள். அந்தப் பக்கத்தை அடைக்க வேண்டாமென்று அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.