எலிக்கு நாலு கால்... தாத்தாவுக்கு ரெண்டு!

'எலிகளுக்கு பார்க்கின்சன் நோய் குணமானது!'

இப்படி ஒரு செய்தி பேப்பரில் வந்தால், நடுக்குவாதக்காரர் இருக்கிற வீட்டில் எல்லோருக்கும் ஒரு தெம்பு வரும். "அந்த மருந்து நம்ம ஊருக்கு எப்போ டாக்டர் வரும்?" என்று ஓடுவோம். தப்பில்லை. ஆனால், அதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த எலிக்குச் சரியானது எது? விறைப்பா, மந்தமா, தடுமாற்றமா?

ஏன் இதைக் கேட்கணும்? சொல்கிறேன்.

மிருகங்கள் நமக்குச் செய்த உதவி கொஞ்சநஞ்சமல்ல. 1957-ல் ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்விட் கார்ல்ஸன், முயல்களுக்கு ரெசர்ப்பின் கொடுத்தார். நம்ம ஊர் சர்ப்பகந்தி வேரில் இருக்கிற அதே சரக்குதான்! முயல்கள் காதைத் தொங்கப் போட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தன. பிறகு 'டோபா'வை ஊசி மூலம் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டன! இன்றைக்கு உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிடும் லெவோடோபா மாத்திரைக்கு பிள்ளையார் சுழி போட்டவை அந்த முயல்கள்தான். கார்ல்ஸனுக்கு 2000-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

அடுத்து எலிகள். மூளையின் ஒரு பக்கத்தில் மட்டும் டோபமின் செல்களை ரசாயனத்தால் அழித்துவிடுவார்கள். பிறகு சில மருந்துகளைக் கொடுத்தால், எலி செக்குமாடு மாதிரி வட்டமடிக்கும். எத்தனை சுற்று என்று எண்ணுவார்கள். கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, எழும்பி நிற்கும்போது எந்த முன்னங்காலை ஊன்றுகிறது என்று பார்ப்பார்கள். சுழலும் உருளை மேல் எத்தனை விநாடி தாக்குப்பிடிக்கிறது என்று கணக்கெடுப்பார்கள்.

எல்லாம் சரி. ஆனால், எலிக்கு நாலு காலாச்சே! வயிறு தரையை ஒட்டினாற்போல இருக்கும். ஒரு கால் மக்கர் பண்ணினால் தாங்கிக்கொள்ள இன்னும் மூன்று இருக்கிறது. நாம் அப்படியா? ஐந்தரை அடி உடம்பு, அடியில் ரெண்டே ரெண்டு பாதம். எலி தடுமாறுவதும் தாத்தா தடுமாறுவதும் ஒன்றாகிவிடுமா?

இன்னொன்று... எலிக்கு நாம் ரசாயனத்தால் உண்டாக்கும் சேதம் சில நாட்களில் வருவது. மனிதனுக்கோ வருஷக்கணக்கில் மெல்ல மெல்லப் பரவுகிறது. டோபமின் செல்களோடு நிற்காமல், உடம்பை நிமிர்த்தி நிறுத்துகிற வேறு நரம்புப் பாதைகளையும் அது தொடுகிறது. அதனால்தான், விறைப்பையும் மந்தத்தையும் நன்றாகக் குறைக்கிற மாத்திரை, தடுமாறி விழுவதை அந்த அளவுக்குக் குறைப்பதில்லை.

இது தெரியாமல் எத்தனை வீடுகளில் சண்டை! "மாத்திரைதான் வேளாவேளைக்குக் கொடுக்கிறோமே... பார்த்து நடக்கக் கூடாதா?" என்று பெரியவரைத் திட்டுகிறோம். பாவம், அவர் என்ன பண்ணுவார்? அது கவனக்குறைவு இல்லைங்க... நோயின் ஒரு பகுதி!

விலங்கு ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாலு கால் பிராணி கற்றுக்கொடுப்பதற்கு ஓர் எல்லை உண்டு என்கிறேன். விழாமல் நிற்கும் வித்தையை மனிதர்களிடம்தான் படிக்கணும். 2012-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 195 நோயாளிகளை வைத்து அப்படி ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சியை வாரம் 2 முறை, 24 வாரம் செய்தவர்களுக்கு, வெறும் நீட்டி மடக்கும் பயிற்சி செய்தவர்களைவிட சமநிலை நன்றாக இருந்தது, விழுவதும் குறைந்தது. இதற்காக எந்தப் புது மருந்துக்கும் காத்திருக்க வேண்டியதில்லை, பார்த்தீர்களா!

ஆகவே, அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நடுக்கத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வராதீர்கள். "எத்தனை முறை விழுந்தார், விழப் பார்த்தார்" என்பதையும் சொல்லுங்கள். பின்னால் நின்று தோளை இழுத்துப் பார்க்கும் சோதனையை டாக்டர் செய்வார். நீங்களாக வீட்டில் செய்து பார்க்காதீர்கள்! பிசியோதெரபிஸ்டிடம் சமநிலைப் பயிற்சி கேளுங்கள்.

வீட்டில்? வழுக்கும் மிதியடியை எடுத்துவிடுங்கள். பாத்ரூமில் கைப்பிடி, ராத்திரி ஒரு சின்ன விளக்கு. திரும்பும்போது சட்டென்று திரும்பாமல் அகலமாகச் சுற்றித் திரும்பச் சொல்லுங்கள். அவர் நடக்கும்போது பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள்.

எலிக்கு நல்லது நடக்கட்டும், சந்தோஷம். அது வரும்போது வரட்டும். அதுவரை தாத்தா விழாமல் பார்த்துக்கொள்வது நம்ம கையில் இருக்கிறது!