ஸ்கேன் எடுத்தால் போதுமா?

போன வாரம் வில்லியனூர் தேரடியில் பழைய நண்பர் ஒருவரைப் பார்த்தேன். அவர் மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் ஆபரேஷன் ஆகி இரண்டு வருடம். "வருஷா வருஷம் உடம்பு முழுக்க பெட் ஸ்கேன் எடுத்துடறேன் சார், காசைப் பார்க்கறதில்லை" என்று பெருமையாகச் சொன்னார். இன்னொரு பக்கத்துக்கு மேமோகிராம் எடுத்தீர்களா என்று கேட்டேன். "அது எதுக்கு, இதுலயே எல்லாம் தெரிஞ்சிடுமே" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. பாதி அவர்மேல், பாதி எங்கள் வீட்டின்மேல்.

பாகூரில் இருக்கும் என் அக்காவுக்கு இடது மார்பை எடுத்து ஏழு வருடம் ஆகிறது. வெளிநாட்டு மகன் பணம் அனுப்புவான், வருடத்துக்கு ஒருமுறை சென்னைக்குக் காரில் போய் ஸ்கேன். மூன்றாம் வருடம் நுரையீரலில் ஏதோ புள்ளி என்றார்கள். இரண்டு மாதம் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் அது சின்ன வயதில் வந்த காசநோயின் தழும்பு! அடுத்த வருடம் ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை நம்பித்தான், வலது மார்பில் பாக்கு அளவு கட்டி கைக்குத் தட்டுப்பட்டும் அக்கா நான்கு மாதம் வாய் திறக்கவில்லை. "அதான் ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்களே தம்பி" என்றாள். மேமோகிராம் ஒருமுறைகூட எடுத்திருக்கவில்லை. எடுத்திருந்தால் முன்பே தெரிந்திருக்கலாம். இரண்டாவது ஆபரேஷனும் ஆயிற்று.

இத்தாலியில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 1994இல் இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன, ஒன்றில் 1320 பெண்கள், மற்றதில் 1243 பேர். ஆபரேஷன் முடிந்தவர்களைச் சீட்டுக் குலுக்கியதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு அடிக்கடி எலும்பு ஸ்கேன், எக்ஸ்ரே. மறு பாதிக்கு டாக்டரின் கைப் பரிசோதனையும் மேமோகிராமும். உயிர் பிழைத்ததில் இரு பாதிக்கும் வித்தியாசமில்லை. அது பழைய மெஷின் என்பீர்கள். இன்றைக்கும் தொந்தரவு இல்லாதவருக்கு வருடாவருடம் பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லி மருத்துவ வழிகாட்டுதல் கிடையாது.

அவை கேட்பது சாதாரண விஷயங்கள். முதல் மூன்று வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, ஐந்து வருடம் வரை 6 முதல் 12 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்ட வேண்டும். மீதியிருக்கும் மார்புக்கு வருடம் ஒரு மேமோகிராம். ஹார்மோன் மாத்திரை கொடுத்திருந்தால் ஐந்து வருடம், சிலருக்குப் பத்து வருடம், விடாமல். புதுக் கட்டி, விடாத எலும்பு வலி, மூச்சிரைப்பு, அடங்காத இருமல், கை வீக்கம் வந்தால் தேதிக்குக் காத்திராமல் போக வேண்டும்.

இதற்குப் பணத்தைவிட ஆள் வேண்டும். பாகூரிலிருந்து ஜிப்மருக்கு இரண்டு பஸ், ஒரு நாள் போய்விடும். நடவு, பேத்தி பிரசவம், மாசி மகம் என்று தேதி தள்ளிப்போகும். கேட்பாரில்லை, நானும்தான் கேட்கவில்லை. குழந்தைக்குத் தடுப்பூசி தவறினால் நர்ஸம்மா வீடு தேடி வருகிறார். ஆபரேஷன் ஆன பெண்களின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, தேதி தவறினால் வாசலில் வந்து கேட்கக் கூடாதா? நம் கொம்யூன்களில் அதற்கு எந்த மெஷினும் வாங்க வேண்டியதில்லை.

வரும் செவ்வாய் அக்காவுக்கு ரிவியூ. "வயசான காலத்துல நீ எதுக்குடா அலையறே" என்கிறாள். முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.