பதிவுக் கருவியின் நாணயம்



கடன் கேட்டு வரும்போது எல்லோரும் நல்லவர்கள்தான். சிரித்த முகத்திற்கும் பணிவான பேச்சுக்கும் குறைவிருக்காது. ஒருவருடைய நாணயம் தெரிவது, அவர் திருப்பிக் கொடுக்க வேண்டிய நாளில்தான். இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் கடன் நோட்டுகளே சொல்லும்.

மனிதருக்கு வைத்திருக்கும் இந்த அளவுகோலைப் பதிவு செய்யும் கருவிக்கும் வைக்க வேண்டும் என்பதை நாங்கள் இரண்டு முறை அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டோம். முதல் அடி வீட்டில், டி.வி.டி. ரெக்கார்டரால் விழுந்தது. இரண்டாவது அடி கடையில் விழுந்தது. அண்ணன் தம்பி மூவரும் சேர்ந்து மளிகை மொத்த வியாபாரம் செய்பவர்கள் நாங்கள். எங்கள் நஷ்டம் பிறருக்குப் பாடமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறோம்.

டி.வி.டி. ரெக்கார்டர் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. வி.சி.ஆர். கேசட்டில் பதிந்ததை இது வட்டத்தகட்டில் பதிந்தது. 1999இல் ஜப்பானில் பயோனியர் நிறுவனம் முதல் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. 4.7 ஜி.பி. கொள்ளளவுள்ள ஒரு தகட்டில் மிகத் தெளிவாகப் பதிந்தால் ஒரு மணி நேரம், சாதாரணமாகப் பதிந்தால் இரண்டு மணி நேரம், தெளிவைக் குறைத்துக்கொண்டால் நான்கு அல்லது ஆறு மணி நேரம் பிடிக்கும்.

கடைக்காரர் வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறு இல்லை என்று அப்போது நினைத்தோம். கடை சாத்திக் கணக்கு முடித்து வீட்டுக்கு வரும்போது மணி பத்தரை. அதற்குள் ஊரே பார்த்து முடித்திருக்கும். 2007 செப்டம்பர் 24 அன்று இருபது ஓவர் உலகக்கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை ஐந்து ரன் வித்தியாசத்தில் வென்றதே, அதை நாங்கள் இரவு பதினொரு மணிக்கு மேல் ரெக்கார்டரில் போட்டுத்தான் பார்த்தோம். முடிவு முன்பே தெரிந்திருந்தும் கடைசி ஓவரில் மூச்சு நின்றுவிட்டது. முதல் இரண்டு ஆண்டுகள் அந்தக் கருவி எங்களிடம் நல்ல பெயர் எடுத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

நல்ல பெயர் எடுத்ததால் பெரிய பொறுப்பையும் கொடுத்தோம். எங்கள் தந்தையாரின் மணிவிழா 1994இல் நடந்தது. அதைப் படம் பிடித்த கேசட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கத் தொடங்கியிருந்தது. தந்தையார் 2001இல் காலமாகிவிட்டார். அவர் குரல் எங்களிடம் இருந்தது அந்தக் கேசட்டுகளில் மட்டும்தான். ஒரு வாரம் இரவெல்லாம் உட்கார்ந்து மூன்று தகடுகளில் பதிந்தோம். அதே கருவியில் போட்டுப் பார்த்தோம், நன்றாக ஓடியது. இனி கவலையில்லை என்று பழைய கேசட்டுகளை அட்டைப்பெட்டியோடு பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம்.

2010இல் ஒரு நாள் காலை ரெக்கார்டரில் விளக்கு எரியவில்லை. தகடுகளை எடுத்துப் பக்கத்து வீட்டு டி.வி.டி. பிளேயரில் போட்டோம். தகடே இல்லை என்றது. கம்ப்யூட்டரில் போட்டோம். காலித் தகடு என்றது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. ரெக்கார்டரில் பதிந்த தகட்டை வேறு கருவி படிக்க வேண்டுமானால் கடைசியில் ‘பைனலைஸ்’ என்ற ஒரு வேலையைச் செய்ய வேண்டும். வருட முடிவில் ஐந்தொகை எடுத்துப் பேரேட்டை மூடுகிறோம் அல்லவா, அதைப் போன்றது. எந்தப் பதிவு எந்த இடத்தில் இருக்கிறது என்ற விவரத்தைப் பிற கருவிகளுக்கும் புரியும்படி எழுதி முடிப்பதுதான் அது. அதைச் செய்யாதவரை பதிந்த கருவிக்கு மட்டுமே அந்தத் தகடு புரியும். ரிமோட்டில் நாலு பொத்தானை அமுக்கினால் சில நிமிடங்களில் முடிகிற வேலை. நாங்கள் செய்யவில்லை. விற்றவர் சொல்லவில்லை. கருவியோடு வந்த புத்தகத்தை நாங்கள் பிரித்துப் பார்க்கவுமில்லை.

அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்குப் போனால், இது எங்கள் இந்தியக் கிளை விற்ற பொருள் அல்ல, வெளிநாட்டுச் சரக்கு, உதிரிப்பாகம் கிடையாது என்று கையை விரித்துவிட்டார்கள். எங்கே பில் என்றார்கள். பில் எங்கே இருக்கிறது? பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று ஒரு சந்துக் கடையில் பில் இல்லாமல் வாங்கிய பொருள் அது. வரி கட்டி வியாபாரம் செய்கிறோம், பில் இல்லாமல் விற்கிறவனால் நம் தொழில் கெடுகிறது என்று சங்கக் கூட்டத்தில் மேசையைத் தட்டிப் பேசியவர்கள் நாங்கள்தான். நம் கடையில் ஒரு நியாயம், நாம் வாங்கும்போது வேறொரு நியாயம் என்று நடந்துகொண்டோம். அதற்குரிய விலையைக் கொடுத்தோம்.

கடைசியில் எங்கள் ஊர் ரேடியோ மெக்கானிக் ஒருவர் கருவியைத் திறந்து காட்டினார். மின்சாரம் வரும் பலகையில் இரண்டு கண்டென்சர்கள் தலை உப்பிப் போயிருந்தன. ரிமோட்டில் அணைத்தாலும் இப்படிப்பட்ட கருவி முழுவதும் அணைவதில்லை. இரவும் பகலும் உள்ளே சூடு இருந்துகொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் கண்டென்சர் உலர்ந்து கெடும். நாங்களோ கருவியைக் காற்றே புகாத அலமாரியில் துணி போர்த்தி வைத்திருந்தோம். கீழே மண்டி, மேலே வீடு. மிளகாய் வற்றல் தூசியும் மாவுத் தூசியும் லென்சில் படிந்திருந்தன. தகட்டைப் படிப்பதைவிட அதில் பதிவதற்கு லேசர் ஒளி பல மடங்கு வலுவாக இருக்க வேண்டும். தூசியும் தேய்மானமும் அதைத்தான் முதலில் கெடுக்கும்.

சில ரூபாய் கண்டென்சரை மாற்றியதும் கருவிக்கு உயிர் வந்தது. இரண்டு தகடுகளைப் பைனலைஸ் செய்து மீட்டோம். மூன்றாவது தகடு நடுவழியில் நின்றது, பிறகு ஓடவே இல்லை. மணிவிழா மேடையில் தந்தையார் பேசியது அந்த மூன்றாவது தகட்டில் இருந்தது.

இதில் தவறு யாருடையது? மலிவான பாகத்தைப் போட்ட தயாரிப்பாளருக்கு ஒரு பங்கு, விவரம் சொல்லாமல் விற்றவருக்கு ஒரு பங்கு. ஆனால் பெரும் பங்கு எங்களுடையது. ஒரே ஆளிடம் முழு முதலையும் கொடுத்துவிட்டு, கையிலிருந்த பத்திரத்தையும் கிழித்துப் போட்டவர் யாரைக் குறை சொல்ல முடியும்?

இன்று டி.வி.டி. ரெக்கார்டரின் காலம் முடிந்துவிட்டது. 2012 முதல் படிப்படியாகக் கேபிள் டிஜிட்டல் முறைக்கு மாறி, வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வந்ததும், ரெக்கார்டர் தானாகச் சேனல் மாற்றிப் பதிகிற வசதி பயனற்றுப் போயிற்று. பிறகு செல்போன் வந்து எல்லாவற்றையும் விழுங்கியது. போன பொருளைப் பற்றி இப்போது ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். போகவில்லை என்பதுதான் எங்கள் பதில். பெயரை மாற்றிக்கொண்டு அது நம் கல்லாவுக்கு மேலே உட்கார்ந்திருக்கிறது. தகட்டுக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க். கேமரா பார்ப்பதைப் பதியும் டி.வி.ஆர். பெட்டியைத்தான் சொல்கிறோம்.

2019இல் ஒரு சனிக்கிழமை இரவு எங்கள் கல்லாக் கணக்கில் 18,000 ரூபாய் குறைந்தது. அன்று கல்லாவில் சிறிது நேரம் உட்கார்ந்தவர் ஒன்பது ஆண்டுகளாக எங்களிடம் வேலை பார்த்தவர். நாங்கள் கேட்ட தோரணையிலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. “அண்ணாச்சி, கேமராவைப் போட்டுப் பாருங்க” என்றார். போட்டுப் பார்த்தோம். டி.வி.யில் கடை முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் பதிவு எதுவும் இல்லை. கடைசிப் பதிவு 41 நாளைக்கு முந்தையது. ஹார்ட் டிஸ்க் அன்றே கெட்டுவிட்டது. டிஸ்க் கெட்டாலும் கேமராவின் நேரடிப் படம் தெரிந்துகொண்டுதான் இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாது. டிஸ்க் கெட்டால் பெட்டி ‘பீப்’ என்று ஒலி எழுப்பும். இரைச்சலாக இருக்கிறதென்று அதையும் நாங்களே நிறுத்தச் சொல்லியிருந்தோம்.

அவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. இரண்டு வாரம் கழித்து அரிசி மண்டிக்காரர் கணக்குப் பார்க்க வந்தபோது விஷயம் வெளிப்பட்டது. அந்தச் சனிக்கிழமை மாலை எங்களில் ஒருவர் அவருக்கு 18,000 கொடுத்துவிட்டு நாள்வழியில் எழுத மறந்திருந்தார். வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டோம். காப்பி கொடுத்து உபசரித்தார். ஆனால் திரும்பி வரவில்லை. தன் நேர்மைக்குச் சாட்சி அந்தப் பெட்டியில் இருக்கிறதென்று அவர் நம்பினார். நாங்கள் பெட்டியைப் பார்த்துக்கொள்ளாததால் அந்தச் சாட்சி இல்லாமல் போயிற்று. கெட்டது இயந்திரம்தான், ஆனால் பழி சுமத்திய வாய் எங்களுடையது.

ஆகவே சக வணிகர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். மாதம் ஒருமுறை சரக்கு இருப்பைச் சரிபார்க்கிறோம். அதுபோல வாரம் ஒருமுறை பதிவையும் சரிபாருங்கள். நேரடிப் படத்தைப் பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. மூன்று நாளைக்கு முந்தைய ஒரு மணி நேரத்தைத் தேடி ஓடவிட்டுப் பாருங்கள். ஓடினால்தான் பதிவு இருக்கிறது என்று பொருள். அதிலேயே தேதியும் நேரமும் சரியா என்பதையும் பார்த்துவிடுங்கள். நேரம் தவறிய பதிவு தேதியில்லாத சீட்டுக்குச் சமம்.

எத்தனை நாள் பதிவு நிற்கும் என்று கணக்குப் போட்டு வையுங்கள். நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றும் நொடிக்கு 2 மெகாபிட் என்றால் நாளொன்றுக்குச் சுமார் 86 ஜி.பி. ஆகும். 1,000 ஜி.பி. டிஸ்க் பதினொரு நாள்தான் தாங்கும். அதற்குப் பிறகு பழையதன் மேலேயே புதியது எழுதப்படும். எனவே ஏதாவது நடந்தால் அன்றே பென் டிரைவில் எடுத்து வேறிடத்தில் வையுங்கள். விஷயம் நீதிமன்றம் வரை போகுமானால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவின் நகலுடன் உரிய சான்றிதழும் தர வேண்டியிருக்கும். ஆகவே மூலப்பெட்டியையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

வாங்கும்போது பில்லும் வாரண்டி கார்டும் கேட்டு வாங்குங்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமலிருப்பதே முறையற்ற வணிக நடைமுறை என்று சொல்லப்பட்டிருக்கிறது. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திருப்பி எடுக்க மறுப்பதும் அவ்வாறே. புகார் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தைக் கேட்கலாம். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வணிக நோக்கத்திற்கு வாங்குபவர் இச்சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். பிழைப்புக்காக மட்டும் சுயதொழில் நடத்துபவருக்கு விலக்கு உண்டு. ஆகவே கடைக்குப் பெட்டி வாங்கும்போது சட்டத்தை மட்டும் நம்பியிராமல், வாரண்டி எத்தனை ஆண்டு, ஹார்ட் டிஸ்குக்கும் உண்டா, யார் வந்து பார்ப்பார்கள் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம். இதே சட்டம் விற்பவர்களாகிய நமக்கும் பொருந்தும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

ஆயுத பூஜையன்று தராசுக்கும் கல்லாவுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். இப்போதெல்லாம் டி.வி.ஆர். பெட்டிக்கும் வைக்கிறோம். அன்றைக்காவது தூசி துடைத்து, காற்றோட்டமாக வைத்து, பழைய பதிவு ஒன்றை ஓடவிட்டுப் பாருங்கள். எங்கள் கடையில் இப்போது ஒவ்வொரு திங்கட்கிழமையும் கடை திறந்தவுடன் இது நடக்கிறது. ஐந்து நிமிட வேலை. பார்த்ததும் நாள்வழியில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம்.

அந்த மூன்றாவது தகடு இன்னும் எங்கள் கல்லாப் பெட்டியின் அடியில் இருக்கிறது. என்றாவது யாராவது படித்துக் கொடுப்பார்கள் என்ற ஆசை போகவில்லை. அதுவரை, திங்கட்கிழமை வேலையை மறக்காமலிருக்க அது அங்கேயே இருக்கட்டும்.